விமானப்படை ஆபீஸ் வேலையிலிருந்து சிவில் வேலைக்கு: ஓய்வுபெறும் ஏர்மேன்களுக்கு ஒரு வழிகாட்டி

விமானப்படையில் இருபது வருட எங்கேஜ்மென்ட் (பணி ஒப்பந்தக் காலம்) முடியும்போது பெரும்பாலோருக்கு வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். பென்ஷனை மட்டும் நம்பி உட்கார முடியாது. டெக்னிக்கல் ட்ரேடில் (தொழில்நுட்பப் பணிப் பிரிவில்) இருந்தவர்களுக்கு விமானப் பராமரிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன என்று ஊருக்கே தெரியும். அட்மின், லாஜிஸ்டிக்ஸ், அக்கவுண்ட்ஸ், ஆப்ஸ் (ஆபரேஷன்ஸ்) அசிஸ்டென்ட் என்று ஆபீஸ் பக்கம் இருந்தவர்களுக்கு அப்படி வழி சொல்ல ஆள் கிடையாது. "செக்யூரிட்டி வேலை சுலபமா கிடைக்குமே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வேலையில் குறை எதுவும் இல்லை. ஆனால் இருபது வருடம் பதிவேடும் கணக்கும் பார்த்தவருக்கு அது ஒன்றுதான் வழி என்பது உண்மையில்லை.

நான் ஸ்குவாட்ரன் ஆபீஸிலும், யூனிட்டின் நிர்வாக அலுவலகமான ஆர்டர்லி ரூமிலும் இருந்துவிட்டு, இப்போது சிவில் விமானங்களின் டெக்னிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். இடையில் பட்ட அலைச்சலில் பாதிக்கு மேல் தேவையில்லாதது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் என்று எங்கிருந்து வெளியே வந்தாலும் உங்களுக்கு இது உதவும்.

1. உங்கள் வேலைக்கு வெளியே என்ன பெயர் என்று முதலில் பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதைப் பொறுத்தவை என்பதால் இதற்கு நேரம் கொடுங்கள்.

ஸ்குவாட்ரனில் அல்லது மெயின்டனன்ஸ் ஆபீஸில் இருந்தவர்கள் எஃப்-700 (விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு), லாக் கார்டு, எஞ்சின் லாக் புக் ஆகியவற்றோடு பழகியிருப்பீர்கள். பறந்த மணிக்கணக்கை எடுத்து மாதாந்திர ரிட்டர்ன் தயாரித்திருப்பீர்கள், டெக் லைப்ரரியில் அமெண்ட்மென்ட் ஒட்டியிருப்பீர்கள். வெளியே இதற்கு டெக்னிக்கல் ரெக்கார்ட்ஸ், டெக்னிக்கல் பப்ளிகேஷன்ஸ் என்று பெயர். ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் சிவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர்.-எம் விதிப்படி 'காமோ' என்ற பிரிவு இருக்க வேண்டும். விமானம் தொடர்ந்து பறக்கத் தகுதியோடு இருக்கிறதா என்று கண்காணிப்பது அதன் வேலை. எந்த ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ் (கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) எந்த விமானத்தில் எப்போது நிறைவேற்றப்பட்டது, ஆயுள் வரம்புள்ள பாகம் எத்தனை சைக்கிள் ஓடியிருக்கிறது, அது பயன்படுத்தத் தகுதியானது என்பதற்கான சி.ஏ.-1 படிவம் இருக்கிறதா என்றெல்லாம் தினமும் அங்கே பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்குத் தேவை இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்திய விமான நிறுவனங்களின் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது உரிமையாளர் தரப்பு ஆட்கள் வந்து காகிதங்களைத் தாள் தாளாகப் பார்ப்பார்கள். எஞ்சினில் உள்ள ஒரு டிஸ்க் தயாரான நாளிலிருந்து இன்றுவரை எங்கெல்லாம் ஓடியது என்பதற்குத் தொடர்ச்சியான ஆதாரம் இல்லாவிட்டால், பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். காகிதம் தொலைந்தால் பணம் போகும் தொழில் இது. காகிதத்தைத் தொலைக்காமல் இருபது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இங்கே நல்ல மதிப்பு உண்டு. துவக்க நிலை ரெக்கார்ட்ஸ் வேலைக்கு ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்பு எஞ்சினியர்) லைசென்ஸ் கேட்பதில்லை.

லாஜிஸ்டிக்ஸ் ஆட்களுக்கு வேலை இன்னும் நேரடியாகப் பொருந்தும். ஏ.ஓ.ஜி. டிமாண்ட் (பறக்க முடியாமல் நிற்கும் விமானத்துக்கான அவசரப் பாகத் தேவை), ஷெல்ஃப் லைஃப், குவாரன்டைன் ஸ்டோர் எல்லாம் வெளியேயும் இருப்பவைதான். ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், ஏர் கார்கோ, சுங்கத் துறை சார்ந்த பாண்டட் ஸ்டோர் ஆகிய பக்கங்களில் தேடுங்கள். விமானப்படையின் இருப்பு மென்பொருளான ஐ.எம்.எம்.ஓ.எல்.எஸ். பார்த்தவர்கள் அதைச் சும்மா ஒரு 'கம்ப்யூட்டர் அறிவு' வரியாக எழுதிவிடாதீர்கள். பெரிய இருப்பு மேலாண்மை மென்பொருளில் வருடக்கணக்கில் வேலை செய்த அனுபவம் அது.

ஆப்ஸ் அசிஸ்டென்டுகள் ஃப்ளைட் பிளான், ஏ.டி.சி. நம்பர் (வான் பாதுகாப்பு அனுமதி எண்), நோட்டாம் (பைலட்டுகளுக்கான அறிவிப்பு) எல்லாம் கையாண்டவர்கள். ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல் சென்டர், க்ரூ ஷெட்யூலிங் என்று தேடுங்கள். பைலட்டுகளின் பணி நேர வரம்பு விதி, அதாவது எஃப்.டி.டி.எல்., தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் திருத்திய விதியில் வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. நேர்முகத்தில் இதைக் கேட்க வாய்ப்பு உண்டு.

ஆர்டர்லி ரூம் ஆட்கள் தங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு பராமரிப்பு நிறுவனத்திலும் எந்த எஞ்சினியருக்கு எந்த அங்கீகாரம், அது எப்போது காலாவதி, மறுபயிற்சி எப்போது என்று கண்காணிக்க ஆள் வேண்டும். விமான நிலைய நுழைவு அனுமதிச் சீட்டு வாங்கித் தரும் பிரிவு ஒன்று இருக்கும். கோர்ட் ஆஃப் இன்கொயரி காகிதங்களைத் தயாரித்தவர்களுக்கு, எச்.ஆர். துறையில் உள்விசாரணை ஆவண வேலை புதிதாக இருக்காது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் வரும் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஊர்களில் விமானப் பாகம் செய்யும் நிறுவனங்களுக்கு ஏ.எஸ்.9100 தரச் சான்றுக்கான ஆவணங்களைப் பராமரிக்க ஆட்கள் தேவை.

அக்கவுண்ட்ஸ் ட்ரேடில் இருந்தவர்களுக்கு விமானத் துறைதான் என்று இல்லை. டேலி, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். மூன்றையும் கற்றுக்கொண்டால் எந்த நிறுவனத்திலும் முயலலாம்.

2. கேட்டைத் தாண்டும் முன் காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

யூனிட்டில் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற திருத்தம், வெளியே வந்தபின் டெல்லி சுப்ரோதோ பார்க்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி எழுதி நடக்க வேண்டிய காரியமாகிவிடும். டிஸ்சார்ஜுக்கு ஒரு வருடம் முன்பே உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள்.

பெயர்: நம் ஊர்க்காரர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், சர்வீஸ் ரெக்கார்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய பெயர், ஆதாரில் ஒன்று, பான் கார்டில் இன்னொன்று என்று நான்கு விதமாக இருக்கும். சிவில் நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பை வெளி ஏஜென்சியிடம் கொடுக்கின்றன. அவர்கள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். முடியாத இடத்தில் இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம் தயாராக இருக்கட்டும். மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் பி.ஓ.ஆர்.-இல் (பணியாளர் விவர மாற்றங்களை யூனிட் வெளியிடும் அறிக்கை) சரியாக வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படிப்பு: சர்வீஸில் இருக்கும்போது தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கியிருந்தால் அது பி.ஓ.ஆர்.-இல் வந்து சர்வீஸ் ரெக்கார்டில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடும்.

பட்டத்துக்குச் சமமான சான்று: பத்தாம் வகுப்பு முடித்து 15 வருடத்துக்குக் குறையாமல் சர்வீஸ் செய்தவர்களை, தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத மத்திய அரசு குரூப் சி பதவிகளின் முன்னாள் படைவீரர் இடங்களுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கருதலாம் என்பது விதி. அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் தனியார் நிறுவனம் இதைப் பட்டமாக ஏற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தனியாரில் நல்ல இடத்துக்குப் போக நினைப்பவர்கள் சர்வீஸ் முடியும் முன்பே உண்மையான பட்டம் ஒன்றை முடித்துவிடுவது நல்லது.

பணி விவரக் கடிதம்: டிஸ்சார்ஜ் புக்கில் ட்ரேடும் ரேங்கும் இருக்கும், என்ன வேலை செய்தீர்கள் என்பது இருக்காது. வெளியே உள்ளவர்கள் கேட்பது அதைத்தான். ரகசியம் எதுவும் இல்லாமல் பொதுவான சொற்களில் ஒரு பணி விவரத்தை நீங்களே வரைந்து, யூனிட்டின் நிர்வாக அதிகாரியான அட்ஜுடன்ட் வழியாகக் கையெழுத்து கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். சர்வீஸில் செய்த ஒவ்வொரு கோர்ஸின் சான்றிதழையும், எந்த ஊரில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்ற பட்டியலையும் எடுத்து வையுங்கள். விமான நிலைய நுழைவு அனுமதிக்குப் பின்னணிச் சரிபார்ப்பு செய்யும்போது நீங்கள் வசித்த முகவரிகளைக் கேட்பார்கள்.

வெளியே வந்ததும் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) இரண்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வேலைவாய்ப்புப் பதிவையும் அங்கேயே கேட்டுச் செய்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், வேலை அறிவிப்பு வந்தபின் அடையாள அட்டைக்காகக் காத்திருக்க நேரும்.

3. டி.ஜி.ஆர். கோர்ஸை வீணாக்காதீர்கள்

மறுகுடியமர்த்தல் இயக்ககமான டி.ஜி.ஆர்., ஓய்வுபெறப்போகும் ஏர்மேன்களுக்குச் சுமார் மூன்று மாதப் பயிற்சிகள் நடத்துகிறது. நீங்கள் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. சர்வீஸில் ஒரு முறைதான் கிடைக்கும். பலர் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஊரில் நடக்கிறது என்று மட்டும் பார்த்துப் பெயர் கொடுக்கிறார்கள். குடும்பத்தோடு இருக்கும் ஆசை புரிகிறது, ஆனாலும் முதல் படியில் எழுதிய வேலைப் பெயருக்குப் பொருந்துகிற கோர்ஸை எடுங்கள். சப்ளை செயின், எச்.ஆர்., தர மேலாண்மை போன்றவை நம் ட்ரேடுகளுக்கு உதவும். வருடாந்திரப் பட்டியல் வந்ததும் யூனிட்டில் பெயர் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் இடம் இருக்காது, இடம் இருந்தாலும் யூனிட்டில் விடமாட்டார்கள்.

இதற்கு மேல் சொந்தச் செலவில் கோர்ஸ் சேருவதற்கு முன் யோசியுங்கள். "ஏவியேஷன் மேனேஜ்மென்ட் டிப்ளமா, நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று ஓய்வுப் பணம் கைக்கு வரும் நேரம் பார்த்து ஆட்கள் கூப்பிடுவார்கள். லட்சக்கணக்கில் கேட்கும் அந்த டிப்ளமாக்களை வேலை கொடுப்பவர்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. கார்கோவுக்குப் போகிறவர்கள் டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உள்ள இடத்தில் ஆபத்தான பொருட்கள் கையாளும் பயிற்சி செய்வது பயனுள்ளது. அதுவும் 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது என்பதால், வேலை தேடத் தொடங்கும் நேரத்தில் செய்யுங்கள், இரண்டு வருடம் முன்பே செய்து வைக்க வேண்டாம். டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் சி.ஏ.ஆர். முழுவதும் இலவசம். சி.ஏ.ஆர்.-எம், பராமரிப்பு நிறுவனங்களுக்கான சி.ஏ.ஆர்.-145 இரண்டையும் ஒரு மாதம் பொறுமையாகப் படித்தவருக்கு நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும்.

4. ரெஸ்யூமில் ரேங்க்கை அல்ல, வேலையை எழுதுங்கள்

எச்.ஆர்.-இல் இருக்கும் இளைஞருக்கு ஜே.டபிள்யூ.ஓ. (ஜூனியர் வாரண்ட் ஆபீசர்) என்றால் என்னவென்று தெரியாது. தெரியாததைக் கேட்கவும் மாட்டார், அடுத்த ரெஸ்யூமுக்குப் போய்விடுவார். எனக்கு வந்த முதல் பதில்களும் அப்படித்தான் இருந்தன, பல இடங்களில் "செக்யூரிட்டி சூப்பர்வைசர் காலி இடம் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். வரிகளை மாற்றி எழுதிய பிறகுதான் சரியான பிரிவிலிருந்து அழைப்பு வந்தது.

மாற்றம் எப்படி என்றால், "ஸ்குவாட்ரன் ஆபீஸில் என்.சி.ஓ. இன்-சார்ஜாக இருந்தேன்" என்பதற்குப் பதில், "விமானங்களின் பறப்பு மணி, தரையிறக்க எண்ணிக்கை ஆகியவற்றைத் தினமும் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் கண்டுபிடித்துத் திருத்தி, மாதாந்திர அறிக்கை தயாரித்தேன், கீழே இத்தனை பேர் வேலை பார்த்தார்கள், உயர்மட்ட ஆய்வுகளில் ஆவணங்களைக் காட்டும் பொறுப்பு என்னுடையது" என்று எழுதுங்கள். 'ஆடிட்' என்ற சொல்லுக்கு வெளியே நல்ல எடை உண்டு. வருடாந்திர இன்ஸ்பெக்ஷனுக்கு நீங்கள் தயாரித்த காகிதங்கள் எல்லாம் ஆடிட் தயாரிப்புதான். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ரேங்க் ஒரு வரியில் இருந்தால் போதும், அதன் பக்கத்தில் எத்தனை பேரை மேற்பார்வை பார்த்தீர்கள் என்று சேருங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. எஃப்-700-இல் கையெழுத்துப் போட்டவர்கள் டெக்னிக்கல் ட்ரேடு ஆட்கள். நீங்கள் அந்தப் பதிவிலிருந்து கணக்கு எடுத்தவர் என்றால் அப்படியே எழுதுங்கள், விமானத்துக்குச் சான்று கொடுத்தது போல எழுதாதீர்கள். நேர்முகம் எடுப்பவர் ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். அடுத்தது, அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தும். எந்த ஸ்குவாட்ரன், எத்தனை விமானம், எந்த ஊரில் என்ன இருக்கிறது, பயிற்சிப் பெயர்கள், உள் மென்பொருளின் திரைப் படங்கள் எதுவும் ரெஸ்யூமிலோ லிங்க்ட்இன்னிலோ வரக்கூடாது. "போர் விமான யூனிட்", "போக்குவரத்து விமான யூனிட்" என்ற அளவோடு நிறுத்துங்கள். மாதிரிக்காக ஆபீஸ் ஃபைலின் நகலைக் கையோடு எடுத்து வருவதும் குற்றம்தான்.

5. அரசு, வங்கி வேலைக்கு முயல்பவர்கள் கவனிக்க வேண்டியது

மத்திய அரசு குரூப் சி பதவிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்கள், தேசிய வங்கிகளின் குரூப் சி பதவிகளில் 14.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. பின்னதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும், போர் நடவடிக்கையில் உயிரிழந்த வீரர்களின் குடும்பத்தாருக்கும் உரியது. குரூப் சி-யில் உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் வருடங்களைக் கழித்தபின், வரும் எண் அந்தப் பதவியின் வயது வரம்பைவிட மூன்று வருடத்துக்கு மேல் கூடாமல் இருந்தால் போதும். ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வில் இதற்கு மேல் 50 வயது என்ற உச்ச வரம்பும் இருக்கிறது. எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் முன்னாள் படைவீரர்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கேஜ்மென்ட் முடிய ஒரு வருடத்துக்குள் இருந்தால் சர்வீஸில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், அதற்கு யூனிட்டின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. ஒதுக்கீட்டில் ஒரு சிவில் அரசு வேலையில் நிரந்தரமாகச் சேர்ந்தவுடன், மறுவேலைக்கான முன்னாள் படைவீரர் என்ற தகுதி முடிந்துவிடும். கிடைத்த முதல் வேலையில் அவசரப்பட்டுச் சேர்ந்து, பிறகு நல்ல பதவி வந்தபோது ஒதுக்கீடு கேட்க முடியாமல் நின்றவர்கள் நிறையப் பேர். தப்பிக்க வழி உண்டு. மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2014-ஆம் ஆண்டு கொடுத்த விளக்கத்தின்படி, முதல் வேலையில் சேரும்போதே, அதற்கு முன் எந்தெந்தப் பதவிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று தேதியோடு பட்டியலிட்டு உறுதிமொழி கொடுத்துவிட்டால், அந்த விண்ணப்பங்களுக்கு ஒதுக்கீடு தொடரும். சேரும் நாளிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தனியார் நிறுவனத்தில் சேர்வதால் இந்தத் தகுதி போகாது. அதனால் தனியாரில் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே தேர்வுக்குப் படிப்பது பலருக்கு நல்ல வழி.

அக்னிவீர் வாயுவாகச் சேர்ந்து நான்கு வருடத்தில் வெளியே வரும் தம்பிகளுக்கு இந்தப் படி பொருந்தாது. அவர்களுக்கான சலுகைகள் தனி. வேலைப் பெயர், ரெஸ்யூம் பற்றிய 1, 4 படிகள் பொருந்தும்.

6. எங்கே தேடுவது

விமானப்படையின் பிளேஸ்மென்ட் செல்லில் பதிவு செய்யுங்கள், டி.ஜி.ஆர். நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போங்கள். அதோடு நிறுத்திவிட வேண்டாம். முகாம்களில் வரும் இடங்களில் பாதுகாப்புப் பணிதான் அதிகம். விமான நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பாருங்கள். கட்டுப்பாட்டு மையங்களும் ரெக்கார்ட்ஸ் பிரிவுகளும் குருகிராம், டெல்லி பக்கம்தான் அதிகம். பராமரிப்பு நிறுவனங்கள் ஹைதராபாத், பெங்களூரு, ஓசூர், நாக்பூர் பக்கம் இருக்கின்றன. சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் விமானப் பராமரிப்பு மென்பொருள் செய்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கும் துறை தெரிந்த ஆட்கள் தேவைப்படுவார்கள்.

"சொந்த ஊரில்தான் வேலை" என்று பிடிவாதமாக இருந்தால் நம் துறையில் வாய்ப்பு சுருங்கிவிடும். இரண்டு வருடம் வெளியூரில் இருந்து சிவில் அனுபவம் சேர்த்துக்கொண்டு திரும்புவதுதான் நடைமுறையில் நடக்கிறது. சர்வீஸில் கற்ற இந்தி அந்த இரண்டு வருடத்துக்குப் பெரிய பலம். சாதாரண பாஸ்போர்ட்டும் எடுத்துவிடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய்தான்.

வேலைக்காக யாரும் பணம் கேட்டால் அது வேலை இல்லை. விமான நிறுவனத்தின் பெயரில் 'யூனிஃபார்ம் டெபாசிட்', 'டிரெயினிங் ஃபீஸ்' என்று கேட்டு வரும் கடிதங்களை அப்படியே அழித்துவிடுங்கள்.

7. சம்பளப் பேச்சும் வருமான வரியும்

"உங்களுக்குப் பென்ஷன் வருகிறதே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். பென்ஷன் செய்துமுடித்த சேவைக்கு வருவது, இந்த வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பதவிக்கு உரிய சம்பளத்தைக் கேளுங்கள். முதல் சம்பளம் உங்கள் கடைசி சர்வீஸ் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். சிவில் அனுபவம் பூஜ்யம் என்றுதான் கணக்கில் எடுப்பார்கள். அந்த வருடத்துக்கு வீட்டுக் கணக்கை முன்பே போட்டுக்கொள்ளுங்கள், பென்ஷனும் முதல் சம்பளமும் சேர்ந்து தவணையையும் பள்ளிக் கட்டணத்தையும் தாங்குமா என்று பாருங்கள்.

வேலை கிடைத்த முதல் வருடத்தில் பலருக்கு அடி விழுவது வரியில். சர்வீஸ் பென்ஷன் சம்பளம் போலவே வரிக்கு உட்பட்டது. புது நிறுவனம் தான் கொடுக்கும் சம்பளத்துக்கு மட்டும் வரி பிடிக்கும், பாதுகாப்புத் துறையின் பென்ஷன் வழங்கும் அமைப்பான ஸ்பர்ஷ் பென்ஷனுக்கு மட்டும் பிடிக்கும். இரண்டு இடத்திலும் நிலைக் கழிவைக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மொத்தத்துக்கும் ஒரு முறைதான் கழிக்க முடியும், புதிய முறையில் 75,000, பழைய முறையில் 50,000. ஜூலையில் கணக்கு தாக்கல் செய்யும்போது பெரிய தொகையை வட்டியோடு கட்டச் சொல்லும். சேரும்போதே பென்ஷன் விவரத்தை அக்கவுண்ட்ஸில் கொடுத்து, சேர்த்து வரி பிடிக்கச் சொல்லுங்கள்.

8. எப்போது எதை

இரண்டு வருடம் முன்பு: வேலைப் பெயரைத் தேர்ந்தெடுத்து, முடிக்காமல் இருக்கும் பட்டப் படிப்பையும் டி.ஜி.ஆர். விண்ணப்பத்தையும் தொடங்குங்கள். ஒரு வருடம் முன்பு: பெயர், படிப்பு, குடும்ப விவரத் திருத்தம், என்.ஓ.சி. வாங்கி அரசுத் தேர்வு விண்ணப்பங்கள். ஆறு மாதம் முன்பு: ரெஸ்யூம், லிங்க்ட்இன், ஏற்கெனவே வெளியே போன சீனியர்களிடம் பேச்சு. இது கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை, நம் ஆட்கள் கேட்டால் உதவுவார்கள். கடைசி மூன்று மாதம்: கிளியரன்ஸ் வேலையோடு ஸ்பர்ஷ் விவரங்களையும் சரிபாருங்கள். வெளியே வந்த முதல் மாதத்தில் நல அலுவலகப் பதிவு, அடையாள அட்டை. வெளியூர் வேலைக்குக் கிளம்பும் முன், வருடாந்திர உயிர்வாழ்வுச் சான்றைக் கைபேசியில் ஜீவன் பிரமாண் மூலம் கொடுக்க ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள். அது தவறினால் பென்ஷன் நின்றுவிடும்.